கல்லைப் பற்றி வாழும் மீன்: மலையோடை அயிரைகளை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பது குறித்து

கடைகளில் ‘பட்டாம்பூச்சி பிளெக்கோ’, ‘ஹாங்காங் பிளெக்கோ’, ‘போர்னியோ சக்கர்’ எனப் பல பெயர்களில் விற்கப்படும் தட்டையான சிறுமீன், உண்மையில் பிளெக்கோ வகையைச் சேர்ந்ததே அன்று. பிளெக்கோ என்பது தென் அமெரிக்காவின் கெளுத்தி வகைகளுள் ஒன்று. இதுவோ ஆசியாவின் மலையோடைகளில் வாழும் லோச் வகை. லோச் மீன்களுள் ஒன்றுக்குத் தமிழில் நெடுங்காலமாகவே அயிரை என்ற பெயர் வழங்கி வருகிறது. மணலில் புதைந்து வாழும் அந்த அயிரைக்கு இவை தூரத்து உறவுகள் என்பதால், இக்கட்டுரையில் இவற்றை மலையோடை அயிரைகள் என்றே குறிப்பிடுகிறேன்.

பெயரைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. பிளெக்கோ என்ற பெயரைக் கேட்டு வாங்குபவர், தொட்டியின் பாசியைத் தின்று துப்புரவு செய்யும் மீன் என்று இதை எண்ணுகிறார். வெதுவெதுப்பான, ஓட்டம் குறைந்த, புதிதாக அமைத்த தொட்டியில் விடுகிறார். சில வாரங்களிலோ சில மாதங்களிலோ மீன் மெலிந்து இறந்துவிடுகிறது. ‘இது நோஞ்சான் மீன்’ என்ற பேச்சு அப்படித்தான் பரவுகிறது. இந்த மீன் நோஞ்சான் அன்று. வேகமாகப் பாயும் நீரில், மற்ற மீன்கள் நிற்கவே முடியாத இடத்தில் வாழப் பழகிய உயிர் இது. அந்த நீர் இதற்கு எதையெல்லாம் கொடுத்ததோ அதைத் தொட்டியிலும் கொடுத்தால், இது பல ஆண்டுகள் வாழக்கூடியது.

மலையோடை அயிரை என்பது ஓர் இனத்தின் பெயரும் அன்று. பாலிடோரிடே, காஸ்ட்ரோமைசான்டிடே என்ற இரு குடும்பங்களில் அடங்கும் பற்பல இனங்களுக்குப் பொதுவாக வழங்கும் பெயர் அது. தொட்டி வளர்ப்பில் அதிகம் காணப்படுவது வியட்நாமைச் சேர்ந்த செவெல்லியா லினியோலாட்டா. கரிய உடலில் மஞ்சள் கோடுகள் வலைபோல் பின்னியிருப்பதை வைத்து அதை எளிதில் அடையாளம் காணலாம். அது ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் வளரும். தென் சீனத்தின் பியூஃபோர்டியா குவெய்சோவென்சிஸ் அதைவிடச் சற்றுப் பெரியது. புள்ளிகள் நிறைந்த காஸ்ட்ரோமைசான் இனங்கள் போர்னியோ தீவுக்கே உரியவை. சூடோகாஸ்ட்ரோமைசான் இனங்கள் சீனத்திலிருந்து வருபவை. அவற்றின் முதுகுத் துடுப்பில் சில வேளைகளில் செந்நிற விளிம்பு பளிச்சிடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளிலும் பவானியா ஆஸ்ட்ராலிஸ் போன்ற உறவினங்கள் வாழ்கின்றன. ஒரே பெட்டியில் பல இனங்கள் கலந்து விற்பனைக்கு வருவது வழக்கமாதலால், வாங்கிய பிறகு படங்களோடு ஒப்பிட்டு இனத்தை உறுதிசெய்துகொள்வது நல்லது. வெப்பநிலையில் அவற்றின் விருப்பங்கள் சிறிது வேறுபடும்.

உடலைப் படித்தால் தொட்டி விளங்கும்

இந்த மீனை வளர்க்கத் தொடங்குபவருக்கு நான் முதலில் சொல்வது, கருவிகளின் பட்டியலைத் தேடுவதற்கு முன் மீனின் உடலைப் பார்க்க வேண்டும் என்பதே. கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது மறுபக்கத்திலிருந்து அதன் அடிவயிற்றைக் கவனியுங்கள். வயிறு முழுதும் தட்டையாக இருக்கும். பக்கத்துக்கொன்றாக உள்ள மார்புத் துடுப்புகளும், அவற்றின் பின்னால் உள்ள வயிற்றுத் துடுப்புகளும் விசிறிபோல் விரிந்து உடலைச் சுற்றி ஒரு விளிம்பு கட்டியிருக்கும். செவெல்லியா, காஸ்ட்ரோமைசான், பியூஃபோர்டியா ஆகியவற்றில் இரு வயிற்றுத் துடுப்புகளும் பின்புறம் ஒன்றோடொன்று இணைந்து ஒரே தட்டாகியிருக்கும். துடுப்புகளின் அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவில் நுண்ணிய கொம்புப் பொருள் முனைகள் உள்ளன. அவை பாறையின் சொரசொரப்பைப் பற்றிக்கொள்கின்றன. துடுப்பின் பின்விளிம்பு அவ்வப்போது படபடவென அடிப்பதையும் காணலாம். வயிற்றுக்கும் பாறைக்கும் இடையில் புகும் நீரை வெளியேற்றி உறிஞ்சுபிடியை இறுக்கமாக வைத்துக்கொள்ள அது உதவுகிறது.

இதில் கவனிக்கத்தக்க வேறுபாடு ஒன்று உண்டு. பிளெக்கோ வாயால் ஒட்டிக்கொள்ளும். மலையோடை அயிரை உடலால் ஒட்டிக்கொள்ளும். ஆகவே வெள்ளம் பாயும் பாறையிலும் இதன் வாய் எப்போதும் உண்பதற்கு ஓய்வாக இருக்கிறது. தலைக்கு அடியில் குறுக்காக அமைந்த அந்த வாயால், பாறையின் மேற்பரப்பில் படிந்திருப்பதை இது சுரண்டிக்கொண்டே நகர்கிறது. நீந்தும் மீன்களுக்கு மிதப்பைத் தரும் காற்றுப்பை இதில் மிகவும் சுருங்கி, அதன் முன்பகுதி எலும்புக் கூட்டுக்குள் அடங்கிவிட்டது. மிதப்பது இதன் வேலை அன்று. அடியோடு ஒட்டிக் கிடப்பதே இதன் வாழ்க்கை. ஓடும் நீர் பாறையைத் தொடும் இடத்தில், உராய்வினால் வேகம் குறைந்த மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. தாழ்ந்து பரந்த இதன் உடல் அந்த அடுக்கோடு ஒட்டியே இருக்கிறது. மேலே பாயும் நீர் சரிந்த நெற்றியின்மேல் ஏறிச் செல்கையில் உடலைக் கல்லோடு சேர்த்து அழுத்துகிறது.

இந்த உடலிலிருந்து மூன்று செய்திகளை நாம் படித்துக்கொள்ளலாம். இது வாழும் நீரில் உயிர்வளி (ஆக்சிஜன்) நிறைந்திருக்கிறது. அந்த நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. இதன் உணவு நீரில் மிதந்து வருவது அன்று, கல்லின்மேல் வளர்வது. வளர்ப்பின் எல்லா விதிகளும் இந்த மூன்றிலிருந்தே பிறக்கின்றன. என் கணிப்பில் இவற்றுள் பெரும்பாலோர் தவறவிடுவது மூன்றாவதை. விரைவில் மீனைக் கொல்வது முதலாவது.

நீரில் கரைந்த உயிர்வளி

நீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்து நிற்கும் என்பதை வெப்பநிலை தீர்மானிக்கிறது. கடல்மட்ட அழுத்தத்தில், 15 டிகிரி செல்சியஸ் நன்னீர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 10.1 மில்லிகிராம் ஆக்சிஜனை ஏற்கும். 20 டிகிரியில் அது 9.1 ஆகவும், 25 டிகிரியில் 8.3 ஆகவும், 30 டிகிரியில் 7.6 ஆகவும் குறைகிறது. இவை காற்றோடு நன்கு கலந்த நீருக்குரிய உச்ச அளவுகள். மீன்களின் கழிவும் அழுகும் உணவும் பாக்டீரியாக்களும் ஆக்சிஜனைச் செலவிட்டுக்கொண்டிருக்கும் தொட்டியில் இருப்பு இதற்கும் கீழேதான் இருக்கும். இன்னொரு பக்கம், வெப்பம் ஏற ஏற மீனின் உடலியக்கம் விரைவுபட்டு அதன் தேவை கூடுகிறது. வரவு குறையும் அதே வேளையில் செலவு பெருகுகிறது என்பதால்தான், 20 டிகிரியில் சுறுசுறுப்பாக மேய்ந்த மீன் 29 டிகிரியில் மூச்சு வாங்குகிறது. காஸ்ட்ரோமைசான் போன்றவற்றில் செவுள் திறப்பும் மிகச் சிறியது. உயிர்வளி ஒருபோதும் குறையாத நீரில் அது போதுமானதாக இருந்தது. வெப்பமான, தேங்கிய தொட்டியில் போதவில்லை.

எனவே பெரும்பாலான இனங்களுக்கு 20 முதல் 24 டிகிரி வரை ஏற்ற வெப்பநிலை எனலாம். செவெல்லியா 25 டிகிரியைத் தாங்கிக்கொள்ளும். சீனத்திலிருந்து வரும் இனங்கள் 18 டிகிரிக்கு இறங்கினாலும் வருந்துவதில்லை. அறை வெப்பநிலை இந்த வரம்புக்குள் இருக்கும் வீடுகளில் ஹீட்டர் தேவைப்படுவதே அரிது. கோடையில் அறை சூடேறும் வீடுகளிலோ குளிர்விப்பதுதான் சிக்கல். நீர்ப்பரப்பின்மேல் காற்று வீசும்படி ஒரு சிறு மின்விசிறியைப் பொருத்தினால், நீர் ஆவியாவதன் மூலம் 2 முதல் 4 டிகிரி வரை குறைக்க முடியும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் இந்த முறை அவ்வளவாகப் பயன் தராது. ஆவியாகிப்போன நீருக்கு ஈடாக அன்றாடம் சிறிது நீர் சேர்க்க வேண்டும். ஆண்டில் பல மாதங்கள் தொட்டி நீர் 28 டிகிரிக்குமேல் நிற்கும், நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி வாங்கவும் இயலாது என்ற நிலையில் இருப்பவர் இந்த மீனை வாங்காதிருப்பதே அதற்குச் செய்யும் நன்மை. இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

காற்றிலிருந்து நீருக்குள் ஆக்சிஜன் செல்லும் வாசல் நீரின் மேற்பரப்பு. அசையாத நீரில் ஆக்சிஜன் தானாக ஊடுருவிப் பரவுவது, காற்றில் பரவுவதைக் காட்டிலும் பல்லாயிரம் மடங்கு மெதுவானது. ஆகவே மேற்பரப்பு கலைந்துகொண்டே இருக்க வேண்டும், அங்கே கரைந்தது கீழே கொண்டுசெல்லப்படவும் வேண்டும். ஏர் ஸ்டோனிலிருந்து எழும் குமிழிகள் செய்யும் நன்மையில் பெரும்பகுதி, அவை அடிநீரை மேலே தூக்கி வந்து மேற்பரப்பைக் குலைப்பதால் கிடைப்பதே. வடிகட்டியின் நீர் வெளிவரும் முனையை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, பரப்பு நன்றாகச் சுருங்கி அலைபடும்படி திருப்பி வைத்தால் அதே பயன் கிடைக்கும். செடிகள் நிறைந்த தொட்டியில் இரவில் செடிகளும் ஆக்சிஜனை உட்கொள்வதால், விடியலுக்கு முந்தைய நேரமே மிகவும் நெருக்கடியானது. ஒருமுறையாவது விளக்கு போடுவதற்கு முன் அதிகாலையில் எழுந்து மீனின் செவுள் அசைவைப் பாருங்கள். மீன்கள் நீர்மட்டத்துக்கு அருகில் கண்ணாடியில் கூடியிருந்தாலோ, செவுள் படபடவென அடித்தாலோ, தொட்டியில் மூச்சுக்குத் தட்டுப்பாடு என்று பொருள்.

மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்பதையும் தொட்டி அமைக்கும் நாளிலேயே முடிவுசெய்துவிட வேண்டும். மற்ற மீன்கள் சில மணி நேரம் பொறுத்துக்கொள்ளும், இவை பொறுப்பதில்லை. மின்சாரம் நின்றவுடன் தானாக இயங்கத் தொடங்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று இந்தத் தொட்டிக்குக் கட்டாயமான கருவி என்றே கருதுகிறேன்.

ஓட்டம்

ஓட்டத்தை அளக்கத் தொட்டி வளர்ப்போர் ஒரு கணக்கைப் பயன்படுத்துவர்: ஒரு மணி நேரத்தில் தொட்டியின் கொள்ளளவைப்போல் எத்தனை மடங்கு நீர் சுழல்கிறது என்பது. மலையோடை அயிரைகளுக்கு 10 முதல் 15 மடங்கு வரை நல்லது. 90 சென்டிமீட்டர் நீளம், 45 சென்டிமீட்டர் அகலம் கொண்ட தொட்டியில் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் இருந்தால் அது ஏறத்தாழ 120 லிட்டர். ஆகவே மணிக்கு 1,200 முதல் 1,800 லிட்டர் வரை நகர்த்த வேண்டும். பம்ப்பின் பெட்டியில் அச்சிட்டிருப்பது எந்தத் தடையும் இல்லாதபோது கிடைக்கும் அளவு. ஸ்பாஞ்ச் அடைந்து குழாய் வளைந்துவிட்டால் உண்மையான அளவு குறைந்துவிடும் என்பதால், சற்றுக் கூடுதல் திறனுள்ளதையே வாங்குவது முறை.

நீர் ஒரே திசையில் ஓட வேண்டும் என்று விரும்புபவர்கள் பின்பற்றும் எளிய அமைப்பு ஒன்று உண்டு. தொட்டியின் ஒரு முனையில் பவர்ஹெட்டுகளை, அதாவது நீருக்குள் இருந்தபடியே நீரைத் தள்ளும் சிறு பம்ப்புகளை, வைக்கிறார்கள். அவற்றின் உறிஞ்சுமுனையிலிருந்து பிவிசி குழாய் கீழிறங்கி, கற்களுக்கு அடியில் மறைந்து சென்று, மறுமுனையில் ஸ்பாஞ்ச் உறைகளோடு முடிகிறது. மேலே நீர் இடமிருந்து வலம் பாய்கிறது. வலமுனையில் ஸ்பாஞ்ச் வழியே உறிஞ்சப்பட்டு, குழாயின் வழியாக இடமுனைக்குத் திரும்புகிறது. ஓடையின் ஒரு துண்டை வெட்டி வளையமாக்கியது போன்ற அமைப்பு இது. பார்ப்பதற்கு மிக அழகாக இருக்கும். ஆனால் இது கட்டாயம் அன்று. தொட்டியின் குறுகிய பக்கத்தில் ஒரு பவர்ஹெட்டும், வழக்கமான வடிகட்டி ஒன்றும் இருந்தாலே தொடக்கநிலை வளர்ப்பாளருக்குப் போதும். எந்த அமைப்பாயினும் உறிஞ்சுமுனையை ஸ்பாஞ்ச்சால் மூடிவிட வேண்டும். குஞ்சுகள் பிறந்தால் அவற்றைக் காப்பதும் அந்த ஸ்பாஞ்ச்தான்.

ஓட்டம் பற்றி ஒரு மிகைபாடும் நிலவுகிறது. தொட்டி முழுதும் சூறாவளிபோல் நீர் சுழல வேண்டும் என்று நினைத்து, மீன் ஓய்வெடுக்க ஓர் இடமும் இல்லாமல் செய்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். காட்டோடையில்கூடப் பாறைக்குப் பின்னால் அமைதியான நீர் இருக்கிறது. மீன் தன் விருப்பப்படி இரண்டுக்கும் போய் வருகிறது. பெரிய கற்களை ஓட்டத்துக்குக் குறுக்கே அமைத்து, அவற்றின் பின்னால் நிழலும் அமைதியும் இருக்கும்படி விட்டால் மீனே தன் இடத்தைத் தேர்ந்துகொள்ளும். உயிர்வளியும் வெப்பநிலையும் சரியாக இருந்து ஓட்டம் சற்றுக் குறைவாக இருந்தால் மீன் தாங்கிக்கொள்ளும். ஓட்டம் மிகுந்திருந்தும் நீர் சூடாக இருந்தால் தாங்காது.

கல்லின்மேல் வளரும் உணவு

நீரில் சில வாரங்கள் கிடந்த கூழாங்கல்லைத் தொட்டால் வழுவழுவென்று இருக்கும். அந்த வழுவழுப்பு வெறும் அழுக்கு அன்று. பாக்டீரியாக்கள், ஒற்றைச்செல் பாசிகள், டயாட்டம்கள், அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள், அவற்றினிடையே ஊரும் சிறு புழுக்கள், பூச்சிகளின் இளவுயிர்கள் என ஒரு முழு உலகமே அந்த மெல்லிய படலத்தில் அடங்கியிருக்கிறது. உயிர்ப்படலம் எனப்படும் இதுவே மலையோடை அயிரையின் மேய்ச்சல் நிலம். பசும்பாசி மட்டுமே இதன் உணவு என்று எண்ணுவது அரைகுறையான புரிதல். பாசியோடு சேர்த்து அந்தச் சிற்றுயிர்களையும் இது உண்பதால், புரதமும் இதற்குத் தேவை. நூல்போல் நீண்டு வளரும் பாசியையும், கரும்தூரிகை போன்ற பாசியையும் இது தொடுவதில்லை. தொட்டி துப்புரவுக்காக வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

இதை நான் ஓர் இழப்பின் மூலமே கற்றேன். முதன்முதலில் மூன்று செவெல்லியாக்களை வாங்கியபோது, தொட்டி அமைத்து ஆறு வாரங்கள் ஆகியிருந்தன. கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் சுழியமாக இருந்தன. நீர் தெளிவாக இருந்தது. ஓட்டமும் வெப்பநிலையும் சரியாகவே இருந்தன. கற்களை மட்டும் வாரந்தோறும் எடுத்து, தேய்த்துக் கழுவி, பளபளப்பாக வைத்திருந்தேன். பாசி வில்லைகள் போட்டதும் அவை வந்து மொய்க்கும் என்று காத்திருந்தேன். அவை வில்லைகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இரண்டாவது மாதத்தில் வயிறு குழிந்து, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இறந்தன. அவை பசியால் இறந்தன என்பதையும், அவற்றின் உணவை என் கையாலேயே கழுவி ஊற்றிக்கொண்டிருந்தேன் என்பதையும் பிறகுதான் உணர்ந்தேன். எஞ்சிய ஒன்றை, பாசி படிந்த பழைய தொட்டியொன்றுக்கு மாற்றியதும் அது தேறியது.

அதனால்தான் நைட்ரஜன் சுழற்சி முடிந்த தொட்டியையும் முதிர்ந்த தொட்டியையும் வேறுபடுத்திச் சொல்கிறேன். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் நிலைபெறப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள் போதும். உயிர்ப்படலம் மேய்ச்சலைத் தாங்கும் அளவுக்குத் தடிக்க மேலும் சில வாரங்கள் வேண்டும். நல்ல வெளிச்சத்தோடு மூன்று மாதமாவது ஓடிய தொட்டியில், கற்களின்மேல் முதலில் பழுப்பு நிறப் படலமும் பின்னர் பசுமையும் படர்ந்திருப்பதைக் கண்ட பிறகு மீனை வாங்குவது பாதுகாப்பானது. முன்கண்ணாடியை மட்டும் துடையுங்கள். பின்கண்ணாடியையும் பக்கக் கண்ணாடிகளையும் மீனுக்கே விட்டுவிடுங்கள்.

மேய்ச்சல் நிலத்தைப் பெருக்க ஒரு வழி, தொட்டிக்கு வெளியே கற்களை வளர்ப்பது. வெள்ளை நிற பிளாஸ்டிக் தொட்டியொன்றில், நீர் மாற்றும்போது எடுத்த பழைய நீரை ஊற்றி, கூழாங்கற்களை அடுக்கி, வெளிச்சம் படும் இடத்திலோ விளக்கின் கீழோ வைத்தால், இரண்டு வாரத்தில் கற்களின்மேல் பசும்படலம் படியும். மேய்ந்து வெறுமையான கற்களை எடுத்து அதில் போட்டு, வளர்ந்த கற்களை மீன்தொட்டிக்கு மாற்றிக்கொண்டே இருக்கலாம். கொசு முட்டையிடாதபடி மேலே வலை போட வேண்டும். செலவில்லாத இந்த வேலைக்கு ஈடான தீவனம் எதையும் நான் கண்டதில்லை.

இதற்குத் துணையாகப் பிற உணவுகளையும் கொடுக்கலாம். ஸ்பைருலினா பொடியையும் அரைத்த காய்கறியையும் சிறிது இறால் விழுதையும் ஜெலட்டினிலோ கடற்பாசி அகாரிலோ கலந்து, ஒரு கல்லின்மேல் மெல்லியதாகப் பூசி, இறுகியபின் தொட்டியில் வைத்தால், மேயும் மீனுக்கு மேயும் முறையிலேயே உணவு கிடைத்துவிடும். உறையவைத்த டாஃப்னியா, சைக்ளாப்ஸ், ஆர்ட்டீமியா ஆகிய சிறு நீருயிர்களை வாரத்தில் இரண்டு மூன்று முறை கொடுப்பது நல்லது. கொதிநீரில் சற்று வாட்டிய கீரையையும் வெள்ளரியையும் சில மீன்கள் விரும்பும். சில தொடவே தொடா. தின்னாமல் கிடப்பதை மறுநாளுக்குள் எடுத்துவிட வேண்டும்.

தொட்டியும் கற்களும் மூடியும்

உயரமான தொட்டியைவிட நீளமும் அகலமும் மிகுந்த தொட்டி இவற்றுக்கு உகந்தது. இவை பயன்படுத்துவது தரைப்பரப்பையும் கல்பரப்பையுமே. ஐந்தாறு மீன்கள் கொண்ட கூட்டத்துக்கு 90 சென்டிமீட்டர் நீளத் தொட்டி பொருத்தமானது. தரைக்கு மணலும் பருக்கைக் கற்களும் கலந்து பரப்பி, அதன்மேல் வழவழப்பான கூழாங்கற்களையும் சில பெரிய உருண்டைக் கற்களையும் அடுக்கலாம். தட்டையான வயிற்றைக் கல்லோடு தேய்த்து வாழும் மீனுக்குக் கூர்மையான விளிம்புள்ள கற்கள் ஆகா. பெரிய கற்களைத் தொட்டியின் அடிக்கண்ணாடியில் நேராக உட்காரவைத்த பின்னரே மணலைப் பரப்ப வேண்டும். மணல்மேல் வைத்த கல் அடியில் தோண்டப்பட்டால் உருண்டுவிடும். அனுபியாஸ், ஜாவா பெரணி போன்ற, கல்லிலோ கட்டையிலோ கட்டிவைத்தாலே வளரும் செடிகள் ஓட்டத்தையும் குளிர்ந்த நீரையும் தாங்கும். அவற்றின் அகன்ற இலைகளின்மேலும் மீன்கள் மேயும்.

மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். ஒட்டும் ஆற்றல் நீருக்கு வெளியேயும் குறைவதில்லை. ஈரமான கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு மேலே ஏறி, குழாய்க்காக விட்ட இடைவெளி வழியே இவை வெளியேறிவிடும்.

அமில காரத்தன்மை (pH) 6.5 முதல் 7.5 வரை இருந்தால் போதும். அதைப் பற்றி மிகவும் கவலைப்பட வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை 25 முதல் 30 விழுக்காடு நீரை, குளோரின் நீக்கி, அதே வெப்பநிலைக்குக் கொண்டுவந்த நீரால் மாற்றுவதும், நைட்ரேட்டை லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள் வைத்திருப்பதும்தான் முதன்மையானவை.

வாங்குவதும் நோயும்

இவற்றுள் பெரும்பகுதி இன்னும் ஓடைகளில் பிடிக்கப்பட்டே வருகிறது. பிடித்த நாளிலிருந்து கடைக்கு வந்து சேரும்வரை இவற்றுக்கு மேய எதுவும் கிடைத்திருக்காது. ஆகவே கடையில் மேற்புறத்தின் அழகைப் பார்ப்பதைவிட, கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிற்றைப் பார்ப்பதே முதன்மையானது. வயிறு உட்குழிந்து, தலைக்குப் பின்னால் முதுகு மெலிந்திருக்கும் மீன் பெரும்பாலும் தேறுவதில்லை. கை நெருங்கியதும் விர்ரென்று விலகி வேறொரு கல்லில் ஒட்டிக்கொள்ளும் மீனே நலமானது. தொட்டி வளர்ப்பில் பிறந்த செவெல்லியாக்கள் கிடைக்குமாயின் அவற்றையே தேர்ந்தெடுங்கள். அவை தொட்டி உணவுக்கும் பழகியவை. புதிதாக வாங்கியவற்றை, பாசி படிந்த கற்களும் ஏர் ஸ்டோனும் உள்ள தனித்தொட்டியில் மூன்று நான்கு வாரங்கள் வைத்துக் கவனிக்க வேண்டும்.

உடலில் உப்புத்தூள் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றும் நோய்க்கு, நீரின் வெப்பநிலையை 30 டிகிரிக்கு உயர்த்தும் முறை பரவலாகச் சொல்லப்படுகிறது. மற்ற மீன்களுக்கு அது பொருந்தலாம். மலையோடை அயிரைகளுக்கு அந்த மருத்துவமே ஆபத்து. நோயினால் செவுள் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கும்போது நீரின் உயிர்வளியையும் குறைப்பதாகிவிடும். தாமிரம் கலந்த மருந்துகளையும் தவிர்ப்பது நல்லது. லோச் வகைகளுக்கு ஏற்றதெனக் குறிப்பிட்டுள்ள மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கி, கூடுதலாக ஒரு ஏர் பம்ப்பை ஓடவிட்டுக் கொடுக்க வேண்டும்.

கூட்டமும் துணையும்

ஒற்றை மீனாக வைத்தால் இது பெரும்பாலும் கல்லடியிலேயே மறைந்துகிடக்கும். ஐந்தாறாக வைத்தால்தான் இதன் இயல்பு முழுதும் வெளிப்படும். மேய்ச்சல் கல்லுக்காக இரண்டு மீன்கள் மோதும்போது, ஒன்று மற்றொன்றின்மேல் ஏறித் தன் துடுப்புகளை விரித்து அதை மூடப் பார்க்கும். கீழே உள்ளது நழுவி மேலே ஏறும். இருவரும் சுழன்று சுழன்று கல்லைச் சுற்றி வருவார்கள். கடித்துக் காயப்படுத்துவது அரிது. இந்த விளையாட்டைப் பார்த்துக்கொண்டு தொட்டியின் முன் நான் கழித்த மாலைகள் பல.

துணையாக, குளிர்ந்த நீரையும் ஓட்டத்தையும் விரும்பும் சிறுமீன்களைச் சேர்க்கலாம். வெண்முகில் மலை மின்னோ, டானியோ வகைகள் நன்கு பொருந்தும். சிற்றிறால்களும் இடையூறு செய்வதில்லை, ஆனால் மேய்ச்சலில் பங்கு கேட்கும். தங்கமீன் குளிர்ந்த நீருக்குரியதே ஆயினும், அதன் கழிவு மிகுதி. வாயில் அகப்படுவதையெல்லாம் சுவைத்துப் பார்க்கும் பழக்கமும் அதற்கு உண்டு. சிக்லிட்களும், வளர்ந்தபின் மூர்க்கமாகும் சீனப் பாசித்தின்னி எனப்படும் மீனும் இந்தத் தொட்டிக்கு ஆகா.

செவெல்லியாவில் ஆண் பெண் அடையாளத்தை மேலிருந்து பார்த்தால் அறியலாம். பெண்ணின் தலைக்கோடு வளைவாகச் சென்று துடுப்போடு இயல்பாகச் சேரும். ஆணுக்குத் துடுப்பு தொடங்கும் இடத்தில் தோள்போல் ஒரு முடுக்கு இருக்கும். நன்கு உண்ட கூட்டம், முதிர்ந்த தொட்டியில், யாரும் தூண்டாமலேயே இனம்பெருக்குவதுண்டு. முட்டைகள் பருக்கைக் கற்களின் இடுக்குகளில் தங்கிப் பொரிகின்றன. குஞ்சுகள் உயிர்ப்படலத்தையே மேய்ந்து வளர்கின்றன. அவற்றுக்கெனத் தனியாகச் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. கற்களைக் கிளறாமல் இருப்பதும், தரையை உறிஞ்சித் துப்புரவு செய்வதைக் குறைப்பதுமே போதும். விரல்நகத்தில் பாதிகூட இல்லாத ஒரு குஞ்சு பின்கண்ணாடியில் ஒட்டியிருப்பதை ஒருநாள் காண்பீர்கள். அன்றிலிருந்து ஸ்பாஞ்ச்சைப் பிழிந்த நீரைக் கீழே ஊற்றுவதற்கு முன், வாளியை வெளிச்சத்தில் வைத்துச் சிறிது நேரம் தெளியவிட்டுப் பாருங்கள். வாளியின் பக்கச் சுவரில் இன்னொரு குஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும்.